அம்மா அறியாத குரல்

பேர்ள் முதன்முதலில் இரும்பைத் தூக்கியது முதுகு வலிக்காகத்தான். மேடையோ பதக்கமோ அப்போது அவள் நினைப்பிலேயே இல்லை.

1987ஆம் ஆண்டு. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். பெரிய இயந்திரங்களிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவது அவள் வேலை. காய்ந்து வருவதை மடித்து வார்டு வாரியாக அடுக்குவது என் வேலை. ஈரத் துணி எவ்வளவு கனம் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் காலையில் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னால ஏலாது, என்னால ஏலாது" என்றாள். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தோம்.

நான் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள். பெயர் ராஜகுமாரி. நர்சிங் படிக்க வந்து, பாதியில் விட்டு, கல்யாணமாகி, அந்தச் சலவைக்கூடத்தில் போய் நின்றவள். பேர்ள் இலங்கையில் மன்னார்க் கரையில் பேசாலை ஊர்க்காரி. அவள் கணவர் கொட்பிறி 1984இல் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது. அப்போது அவளுக்கு வயது இருபத்தைந்து, குழந்தை இல்லை. சிட்னியில் இருந்த அண்ணன் சூசைதாசன் அவளைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த அவர் வீட்டின் பின்னறைதான் அவளுக்கு. அண்ணன் நல்லவர், அண்ணி அன்னம்மாவும் நல்லவள். ஆனால் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பேர்ளைப் பார்த்ததும் பெண்களின் முகம் மாறும். "பாவம்" என்று ஒருத்தியாவது சொல்வாள். அவள் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அவளிடம் எல்லாரும் கேட்டு வாங்கிய ஒன்று இருந்தது. அது அவள் குரல். தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் அவள்தான் முதல் குரல். நான் இந்து. ஆனாலும் அவள் பாடுகிறாள் என்றால் போய்ப் பின் வரிசையில் நிற்பேன். மெல்லிய குரல், மேலே போகப் போக இன்னும் தெளிவாகும். ஊரில் இருந்த அவள் அம்மா பிலோமினம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. அதனால் பேர்ள் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, கடைசியில் இரண்டு பாட்டுப் பாடி அனுப்புவாள். அம்மா அதை அயல்வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துக் கேட்பாளாம்.

முதுகுக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், தசையைப் பலப்படுத்தாவிட்டால் இந்த வேலை செய்ய முடியாது என்று சொல்லி ஒரு ஜிம்முக்கு அனுப்பினாள். டயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அது. நடத்தியவன் பெயர் டெரி. ஐம்பது வயது, இளமையில் பளு தூக்கியவன், அதிகம் பேசமாட்டான். பெண்கள் என்று மூன்று நாலு பேர்தான் வந்தார்கள். நான் கூடப் போனது அவள் வெட்கப்படுகிறாள் என்பதற்காக. நான் ஓரமாக பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாவது மாதம் அவள் தரையிலிருந்து அறுபது கிலோவை இடுப்புவரை தூக்கி நிமிர்ந்தாள். அவளுடைய எடையைவிட அது அதிகம். கீழே வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"பார்த்தனீங்களோ அக்கா? நான் தூக்கினனான்!"

"ஆமா, பார்த்தேன். முதுகு வலிக்குதா?"

"இல்லை. ஒண்டும் நோகேல்லை. அக்கா, இஞ்ச ஒருத்தருக்கும் நான் ஆரெண்டு தெரியாது. ஒருத்தரும் பாவம் எண்டு பார்க்கேல்லை."

முதுகு வலி போய்விட்டது. ஜிம்முக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. வேலை முடிந்ததும் வாரத்தில் ஐந்து நாள் போனாள். தோள் அகன்றது. தொடை இறுகியது. சலவைக்கூடத்தில் ஆண்கள் இரண்டு பேர் இழுக்கும் வண்டியை அவள் தனியே இழுத்தாள். ஒரு நாள் டெரி அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டு, "உன்னை மேடையில் ஏற்ற வேண்டும்" என்றான்.

பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டி அப்போது ஆஸ்திரேலியாவிலும் சூடுபிடித்திருந்த காலம். அங்கே எதையும் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. நீச்சலுடையில் நின்று, சொன்னபடி திரும்பி, ஒவ்வொரு தசையையும் இறுக்கிக் காட்ட வேண்டும். நடுவர்கள் பருமனையும் வடிவத்தையும், தோலுக்கடியில் தசை எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்பதையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். பேர்ள் இரண்டு வாரம் மாட்டேன் என்று சொன்னாள். மூன்றாம் வாரம், "அக்கா, அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

பன்னிரண்டு வாரம் அவித்த கோழியும் முட்டை வெள்ளையும் பச்சைக் காய்களும்தான். அன்னம்மா மீன் குழம்பு வைக்கும் நாளில் குசினிப் பக்கமே போகமாட்டாள். கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் குறைத்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது. 1988 செப்டம்பரில், ஒரு கிளப் மண்டபத்தில் போட்டி. மேடைக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பெண்கள் உடம்பெல்லாம் பழுப்புச் சாயத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. நான் எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டேன். மேடை ஏறினாள். ஏழு பேரில் ஏழாவதாக வந்தாள்.

நடுவர் ஒருவர் கீழே வந்து சொன்னார்: "எலும்பமைப்பு அருமை. ஆனால் சதை போதாது. இன்னும் நிறைய வேண்டும்."

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "நிறைய எண்டா எவ்வளவு?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் டெரியிடம் இருந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு சின்னப் போத்தலில் மாத்திரை கொடுத்தான். ஆண் ஹார்மோன். மேடையில் உன்னை முந்திய ஆறு பேரும் இதைத்தான் போட்டார்கள் என்றான். அந்த ஜிம்மில் லொரெய்ன் என்று ஒருத்தி இருந்தாள். பழைய போட்டியாளர், குரல் கரகரவென்று ஆண் குரலாக இருக்கும். அவள் எங்கள் இருவரையும் மாடிப்படியில் மறித்துக்கொண்டு சொன்னாள்: "எடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டாய். ஆனால் ஒன்று. குரல் உடைகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்து. அடுத்த நாள்கூட எடுக்காதே. மாதவிலக்குத் திரும்பி வரும், உடம்பு பழையபடி ஆகும். குரல் திரும்பாது. என்னைப் பார்."

பேர்ள் தலையாட்டினாள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

உடம்பு மளமளவென்று மாறியது. மூன்று மாதத்தில் தூக்கும் எடை ஒன்றரை மடங்கானது. மாதவிலக்கு நின்றது. தாடையில் முடி வளர்ந்தது. அன்னம்மா எழும்புவதற்கு முன் எழுந்து மழித்துவிட்டு வேலைக்கு வருவாள். ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு அறையில் எதையோ சொல்லிச் சிரிக்கப் போனவள், நடுவில் குரல் பிசகி நிறுத்தினாள். பன்னிரண்டு வயதுப் பையனின் குரல் பிளக்கிறதே, அப்படி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"காய்ச்சலா?" என்றேன். எனக்குத் தெரியும், காய்ச்சல் இல்லை.

அவள் மெதுவாக, "போட்டிக்கு இன்னும் ஒன்பது கிழமைதானே அக்கா" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த மேசை, எதிரே இருந்த அவள் முகம், திறந்து வைத்த என் சாப்பாட்டு டப்பா எல்லாம் நினைவிருக்கிறது. நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

ஜெயித்தாள். 1989 அக்டோபரில் அதே மண்டபத்தில், தன் எடைப் பிரிவில் முதலாவதாக வந்தாள். அவள் முதுகைத் திருப்பி இரண்டு கையையும் விரித்தபோது மண்டபம் முழுக்க எழுந்து கத்தியது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி, மீன் அடைத்த இரண்டு பன்னை ஒரே மூச்சில் தின்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கனத்த ஆண் குரலில் கேட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு பின்னேரம்தான். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. சூசைதாசன் அதைப் பார்த்தார். திட்டவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். குரலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இன்னும் சளி மாறேல்லையோ?" அன்னம்மா விடாமல் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தாள். பூசையில் பாட்டுக் குழுவை நடத்திய அரியரத்தினம் அங்கிள், "தொண்டை சுகம் வரட்டும் பிள்ளை, பிறகு பாடுவம்" என்றார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. போட்டி முடிந்தவுடன் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். ஆனால் குரல் இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. கேசட் அனுப்புவதும் நின்றது. வேலை அதிகம், நேரமில்லை என்று, அயலார் வாசித்துக் காட்டும்படி அண்ணனைக் கொண்டு அம்மாவுக்கு எழுதுவித்தாள்.

1990 ஏப்ரலில் அம்மாவைக் கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கூட்டி வந்தார்கள். காலம் கடந்துவிட்டது, பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு பின்னேரம், அங்குள்ள ஒரு தொலைபேசி நிலையத்திலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்பதுதான் அம்மா கேட்ட ஒரே காரியம்.

அந்த வாரம் முழுக்கப் பேர்ள் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் நின்று பழகினாள். தொண்டையை இறுக்கி, குரலை மேலே ஏற்றி, "அம்மா, நான் பேர்ள் கதைக்கிறன்." திரும்பத் திரும்ப அதே வசனம். சில சமயம் கொஞ்சம் பழைய குரல் போலவே வரும். உடனே என்னைப் பார்ப்பாள். நான் சரி என்று தலையாட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். மணி அடித்ததும் சூசைதாசன் எடுத்துப் பேசினார். "ஓம் அம்மா... நல்லா இருக்கிறம்... இந்தா, குடுக்கிறன்." ரிசீவர் அவள் கைக்கு வந்தது. எதிர்முனைக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அம்மா உரக்கப் பேசுகிறவள்.

"அம்மா, நான் பேர்ள்..." முதல் சொல் மேலே நின்றது. இரண்டாவது சொல்லிலேயே குரல் உடைந்து கீழே விழுந்தது.

"ஆர் இது? சூசை, போனைப் பிள்ளையிட்டக் குடு."

"நான்தான் அம்மா. பேர்ள். தொண்டை சரியில்லை."

"தம்பி, நீ ஆர்? என்ர பிள்ளை எங்க?"

"அம்மா, நான்தானம்மா, உங்கட..."

"ஏன் பொய் சொல்லுறியள்? பாட்டும் வரேல்லை, பேச்சும் வரேல்லை. இப்ப ஆம்பிளையை வைச்சுக் கதைக்க விடுறியள். என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது? செத்துப் போட்டாளோ? சொல்லுங்கோ! செத்துப் போட்டாளோ?"

அதன் பிறகு அழுகைதான். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேரும் நின்றோம். சூசைதாசன் ரிசீவரைப் பிடுங்கி, "அம்மா, அவள்தான், சத்தியமா அவள்தான்" என்று கத்தினார். இணைப்பு அறுந்துவிட்டது. பேர்ள் சுவரோடு சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். அன்னம்மா போய்த் தோளைத் தொட்டாள். அவள் தட்டிவிட்டாள்.

சூசைதாசன் மறுநாளே உறவினருக்குப் பேசி, கடிதமும் எழுதினார். அவர்கள் எடுத்துச் சொல்லியும் அம்மா நம்பவில்லை. சூசை தன்னைத் தேற்றுவதற்காக ஆள் வைத்துப் பேசவிட்டான், அவன் நல்ல மனசுக்காரன் என்றாளாம். கறுப்பு உடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். முப்பத்தோராம் நாள் மகளுக்காகப் பூசை கொடுத்தாள். அந்தச் செய்தி கடிதத்தில் வந்தது. ஜூன் மாதம் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. அம்மா சனத்தோடு சனமாக மடு மாதா கோவில் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று எங்கெங்கோ சுற்றி வந்த ஒரு கடிதத்தில் தெரிந்தது. டெலிபோன் கிடையாது. படம் அனுப்பினால் பார்க்கக் கண் இல்லை. கையெழுத்தைக் காட்டினால் வாசிக்கத் தெரியாது.

தொண்டை டாக்டர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் தடித்துவிட்டது, மருந்தால் திரும்பாது. ஆபரேஷன் செய்தால் இருப்பதும் போகலாம் என்றார். அவள் தேன் குடித்தாள், ஆவி பிடித்தாள், வேளாங்கண்ணியிலிருந்து வந்த எண்ணெயைத் தொண்டையில் பூசினாள். நான் அவளை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குக்கூடக் காரில் கூட்டிப் போனேன். சந்நிதிக்கு முன்னால் நின்று, "உங்கட சாமிக்கும் நான் இந்தக் குரலிலதானே கேக்க வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் ஏன் ஜிம்முக்குப் போனாள் என்று கேட்பார்கள். நானும் கேட்டேன்.

"வேற என்ன மிச்சம் இருக்குது அக்கா? குரலைக் குடுத்து வாங்கின உடம்பு. இதையாவது வைச்சிருக்க வேண்டாமோ?"

மாத்திரை இல்லாமலே வெறிபிடித்தவள் போலப் பயிற்சி செய்தாள். அந்த வருடக் கடைசியில் மீண்டும் மேடை ஏறினாள். போன வருடத்தைவிட நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் இடையில் நடுவர்களின் எண்ணம் மாறிவிட்டது. பெண்கள் பெண்களாகத் தெரிய வேண்டும், பருமன் குறைய வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒன்பது பேரில் ஒன்பதாவது.

கீழே இறங்கியதும் நடுவரைத் தேடிப் பிடித்தாள். "போன வருடம் முதலாவது கொடுத்தீர்கள். அதற்கு முந்தின வருடம் போதாது என்றீர்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அந்த மனிதர் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "நீ எல்லை தாண்டிவிட்டாய், அம்மா. பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண் தெரிய வேண்டும்" என்றார். பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். டெரி வேறு ஒரு பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காரில் வந்து உட்கார்ந்தாள். உடை மாற்றவில்லை. உடம்பு எண்ணெய் சீட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

"அழுதிடு பேர்ள்" என்றேன்.

"அழுதாலும் ஆம்பிளை அழுற மாதிரித்தான் கேக்கும் அக்கா."

அன்றோடு மேடை முடிந்தது. அடுத்த நாலு வருடம் அவள் வேலைக்கு வந்தாள், போனாள். அண்ணன் வீட்டை விட்டு ஒரு சின்ன யூனிட்டுக்குக் குடிபோனாள். பேச்சைக் குறைத்தாள். கடைக்காரனிடம் கையால் காட்டிச் சாமான் வாங்குவாள்.

1995 ஜனவரியில் சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. பிப்ரவரியில் அவள் விமானம் ஏறினாள். அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்த பிறகு, சாப்பாட்டு அறையில், பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

கொழும்பிலிருந்து வவுனியா. அங்கிருந்து இராணுவத்திடம் பாஸ் எடுத்து, காவல் தடைகள் தாண்டி, லாரியிலும் நடையிலுமாக மடு. மரங்களுக்கடியில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள். அம்மா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். கண் இரண்டும் வெள்ளை.

பேர்ள் அவள் முன்னால் முழங்காலில் இருந்து, "அம்மா, நான் பேர்ள்" என்றாள்.

அம்மா முகம் திரும்பியது. "தம்பி, நீதானே அண்டைக்குப் போனில கதைச்சது?"

"ஓம் அம்மா. அது நான்தான். நான் பேர்ள்."

அம்மா கையை நீட்டித் தடவினாள். மணிக்கட்டு, முழங்கை, மேற்கை. அங்கே கை நின்றது. "இது ஆம்பிளைக் கை. ஏன் மோனே கிழவியைப் பேய்க்காட்டுறாய்?"

பேர்ள் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். வேலியில் விழுந்து முழங்கால் கிழிந்தது, கோவிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் வெள்ளைச் சட்டையில் குழம்பு கொட்டியது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூசை நல்லாச் சொல்லித் தந்திருக்கிறான்" என்றாள். அயல் கொட்டில் பெண்கள், இது பொம்பிளைதான் ஆச்சி, உங்கட மகள்தான் என்று சத்தியம் செய்தார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருடம் அழுது, பூசை கொடுத்து, ஒருவழியாக அடங்கியிருந்த துக்கம் அது. அதைத் திரும்பக் கிளப்ப அவளுக்குத் தெம்பு இல்லை. இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை, காய்ச்சல் கண்டது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கொட்டில்காரி சிவமணி பேர்ளைத் தனியே கூப்பிட்டாள். "விடு பிள்ளை. இதோட மனுசி போய்ச் சேர்ந்திடும். தம்பியாவே இருந்து பாத்துக்கொள்."

பேர்ள் தம்பியாக இருந்தாள். ஆறு வாரம். காலையில் கிணற்றடியிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு பெரிய வாளி. விறகு கொத்தினாள். காற்றில் சாய்ந்த கொட்டிலைத் தனியாக நிமிர்த்திக் கட்டினாள். அம்மாவைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திப் பூசைக்குத் தூக்கிப் போனாள். அம்மா அயலாரிடம் பெருமை பேசினாள். "என்ர தம்பிக்கு என்ன பலம் எண்டு தெரியுமோ? என்னை ஒரு இறகு மாதிரித் தூக்குவான்."

செத்துப்போன மகளைப் பற்றியும் அவள் தம்பியிடம் நிறையப் பேசினாள். பாடுவாள், அப்படிப் பாடுவாள் என்பாள். "அவள் போக மாட்டன் எண்டுதான் சொன்னவள். நான்தான் போ, போ எண்டு அனுப்பினனான். இஞ்ச இருந்தா ஊர்ச்சனம் பாவம் பாவம் எண்டே கொண்டுபோடும் எண்டு நினைச்சன். தெரியாத ஊரில பிள்ளை எப்பிடிச் செத்ததோ, ஆர் பக்கத்தில இருந்ததோ." பேர்ள் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவை தாங்க முடியாமல், "அவ நல்லாத்தான் இருந்தவ, அம்மா" என்றாளாம். "நீ கண்டனியோ?" என்று அம்மா கேட்டாள். "ஓம். கண்டனான்."

புறப்படும் நாளில் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நீ அந்த ஊருக்குத்தானே போறாய். என்ர பிள்ளையின்ர கல்லறை எங்க எண்டு சூசையிட்டக் கேள். எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடு. செய்வியோ?"

"ஓம் அம்மா. செய்யிறன்."

ஏப்ரலில் சண்டை மறுபடி தொடங்கியது. அடுத்த வருடம் அக்டோபரில் முகாமிலிருந்த பாதிரியார் ஒருவரின் கடிதம் சூசைதாசனுக்கு வந்தது. பிலோமினம்மா காய்ச்சலில் காலமானார், கடைசி நாட்களில் அந்தத் தம்பி திரும்பி வருவானா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தது. சூசைதாசன் அதை வாசித்துக் காட்ட முடியாமல் பேர்ளின் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றாராம்.

நவம்பர் இரண்டாம் தேதி, கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நினைக்கும் நாள். அந்த ஆண்டு அது சனிக்கிழமையில் வந்தது. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கல்லறைத் தோட்டத்துக்கு வாறீங்களோ அக்கா?" என்றாள். நான் கார் ஓட்டினேன். போகும் வழியில், பல வருடமாக என் வாய்வரை வந்து நின்றதைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் நிறுத்துன்னு சொல்லியிருந்தா, நிறுத்தியிருப்பியா?"

"தெரியாது அக்கா. நீங்கள் சொல்லேல்லை" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

தோட்டத்தில் எல்லாக் குடும்பங்களும் பூவும் திரியுமாக நின்றார்கள். எங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. பேர்ள் ஓரமாக நடந்து, எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு பழைய கல்லைப் பார்த்து நின்றாள். பையிலிருந்து இரண்டு மெழுகுதிரி எடுத்தாள். ஒன்றைக் கொளுத்தி, "அம்மாவுக்கு" என்றாள். மற்றதைக் கொளுத்தும்போது, "இது அம்மா கொளுத்தச் சொன்னது" என்றாள்.

காற்று பலமாக இருந்தது. அவள் புல்லில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கைகள் இரண்டையும் வளைத்துச் சுடருக்கு மறைப்பாக வைத்தாள். திரி முழுதும் எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அசையவில்லை. பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "போவம் அக்கா" என்றாள்.

திங்கட்கிழமை ஆறரை மணி வேலைக்கு வழக்கம்போல வந்தாள்.